யாரு வீட்டுப் புகை இது? கலிபோர்னியாவுல ஆறு நாள்

ஜூன் 14, 2024, வெள்ளி: பாசடீனா

தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆச்சு. மூணு நாள் லீவு போட்டா நடுவுல சனி ஞாயிறும் கடைசில ஒரு கவர்மெண்ட் லீவும் சேர்ந்து ஆறு நாள் கெடைக்கும், எங்க போலாம் சொல்லுக்கா, வேகாஸா கிராண்ட் கேன்யனான்னு கேட்டான். பாசடீனா, அப்புறம் பிக் சர், கடைசியா லா ஹோயான்னு சொன்னேன். அங்கல்லாம் அப்படி என்ன இருக்குன்னான். காத்து இருக்குன்னேன். அவன் வீட்டுக்காரி சமையக்கட்டுல சிரிச்சது ஹாலுக்குக் கேட்டுச்சு, எனக்கு ஆபீஸ் இருக்கு நீங்க அக்கா தம்பி போயிட்டு வாங்கன்னு கழண்டுகிட்டா. ஒம்போது வயசு மருமக மட்டும் நானும் வரேன் அத்தைன்னு ஷூ மாட்டிகிட்டா.

நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்குறவ. காத்துல கார்பன் டை ஆக்சைடு வருஷா வருஷம் கூடுறதை அளந்து காட்டின சார்லஸ் டேவிட் கீலிங் பேரைச் சொல்லி அந்த மேல ஏறிகிட்டே போற கோட்டை எத்தனையோ வருஷமா போர்டுல வரைஞ்சிருக்கேன், ஆனா அந்தக் கோடு தொடங்கின இடம் ஹவாய் மலை இல்ல, அதுக்கு மூணு வருஷம் முன்னாடி இதே கலிபோர்னியாவுல பிக் சர்ங்கிற கடலோரக் காட்டுல ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துகிட்டு செஞ்ச வேலைன்னு ரொம்ப லேட்டாத்தான் படிச்சேன். அதான் இந்தப் பைத்தியம். கையில ஒரு குட்டி கார்பன் டை ஆக்சைடு மீட்டர், கிளாஸ் ரூம்ல காத்தோட்டம் பாக்க வாங்கினது, அதையும் பையில போட்டுகிட்டேன்.

ஃப்ரீவேல ஏறி முக்கால் மணி நேரத்துல மீட்டர் 2,140 பிபிஎம் காட்டுது, அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 2,140 பங்கு கார்பன் டை ஆக்சைடு. எனக்கு ஒரே உற்சாகம், பாருடா எத்தனை கார், எவ்ளோ புகை, ரெண்டாயிரம் பிபிஎம் தாண்டிடுச்சுன்னு நான் ஒரு லெக்சரே எடுத்துட்டேன், தம்பி பொறுமையா கேட்டுட்டு ஏசி பட்டனைக் காட்டினான். உள்காத்தையே சுத்த விடுற மோட்ல இருந்துச்சு. அவ்வளவும் நாங்க மூணு பேர் விட்ட மூச்சு. ஜன்னலைத் திறந்ததும் அஞ்சே நிமிஷத்துல 530க்கு வந்துடுச்சு. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இது தேவையான்னு முகத்தைத் திருப்பிகிட்டேன்.

ஆனா யோசிச்சுப் பாத்தா இந்த ஆறு நாளோட விஷயமே அதான். மீட்டர் எவ்ளோன்னு சொல்லும், யாரோடதுன்னு சொல்லாது. அதைச் சொல்றதுக்கு கார்பனைப் பிரிச்சுப் பாக்கணும். கார்பன்ல பெரும்பாலும் 12 எடை உள்ளது, நூத்துல ஒண்ணு சொச்சம் மட்டும் 13, இப்படி எடை மட்டும் மாறுற வகைங்களுக்குத்தான் ஐசோடோப்னு பேரு. செடி காத்துலேந்து கார்பன் எடுக்கும்போது லேசான 12ஐக் கொஞ்சம் கூடுதலா இழுத்துக்கும், அதனால செடியோட உடம்பு காத்தை விட லேசா இருக்கும். பெட்ரோலும் நிலக்கரியும் பழங்காலத்து உயிருங்க மக்கினதுதான, அதுவும் லேசு. வீட்டு அடுப்புக்கும் ஹீட்டருக்கும் வர்ற இயற்கை வாயு இன்னும் லேசு. இதை ஒரு பழைய கல்லோட ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனை குறைச்சல்னு எழுதுவாங்க, அந்தக் கல்லு தெற்கு கரோலினாவுல பீ டீங்கிற இடத்துல கெடைச்ச, கணவாய் மாதிரி ஒரு பிராணியோட ஃபாசில், ஆளாளுக்குச் சுரண்டி அது எப்பவோ தீந்துபோச்சு, கணக்கு மட்டும் நிக்குது. அந்தக் கணக்குல சுத்தமான காத்து மைனஸ் 8 சொச்சம், பெட்ரோல் புகை மைனஸ் 26 பக்கம், இயற்கை வாயுப் புகை மைனஸ் 40 பக்கம்.

கீலிங் வேலை பாத்த கால்டெக் காலேஜ் வளாகத்துல யாரும் தடுக்கல, உள்ள நடந்து போலாம். ஆமைக் குளம் ஒண்ணு இருக்கு, மருமக அங்கயே உக்காந்துட்டா. 1953ல கீலிங் இங்கதான் ஆராய்ச்சிக்கு வந்தார். ஹாரிசன் பிரவுனோட குழு, பூமிக்கு 455 கோடி வயசுன்னு கண்டுபிடிச்ச கிளேர் பேட்டர்சனும் அதே கூட்டம்தான். கீலிங் காத்தை அளக்க மானோமீட்டரைத் தானே செஞ்சார், மொதல்ல இந்தக் கட்டடங்களுக்கு நடுவுலதான் காத்து புடிச்சுப் பாத்தார், நம்பர் தாறுமாறா ஏறி இறங்குச்சு, சுத்தி எங்க பாத்தாலும் கார். இது ஆவாதுன்னு காட்டுக்குக் கெளம்பிட்டார். வேடிக்கை என்னன்னா அவர் வேணாம்னு விட்டுப்போன அதே பாசடீனா காத்தை 1972லயும் அதுக்கப்புறமும் இதே காலேஜ் ஆளுங்க ஐசோடோப்போட சேத்து அளந்திருக்காங்க. அவருக்குத் தொந்தரவா இருந்ததுதான் இவங்களுக்கு விஷயமே.

சாயங்காலம் மரம் அடர்ந்த ஒரு தெருவுல நடந்துட்டு இருந்தோம், வீட்டுக்கு வீடு பச்சைப் பசேல்னு புல்லு, மழை பேஞ்சு மாசக்கணக்காச்சுன்னு சொல்றாங்க இது எப்படி இவ்ளோ பச்சைன்னு கேக்க வாயைத் திறந்தேன், தரைக்குள்ளேந்து உஸ்ஸுன்னு ஸ்ப்ரிங்க்ளர் கெளம்பி சுடிதார், செருப்பு, போன் எல்லாம் நனைஞ்சுது. எதிர்வீட்டுப் பாட்டி ஒருத்தங்க ஓடிவந்து துண்டு குடுத்தாங்க, பத்து தடவை சாரி சொன்னாங்க, அது அவங்க வீட்டுத் தண்ணியே இல்ல.

துவட்டிகிட்டே தம்பிகிட்ட சொன்னேன், என்னை நனைச்ச தண்ணி காத்துக் கணக்குலயே தெரிஞ்சிருக்குடா. 2015ல இந்த பாசடீனாவை ஒட்டியிருக்குற லாஸ் ஏஞ்சல்ஸ் காத்தைப் புடிச்சு கார்பன் 14 பாத்தாங்க. 14 கதிரியக்கம் உள்ளது, 5,730 வருஷத்துல பாதி அழிஞ்சுடும், அப்ப கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த எண்ணெய்லயும் வாயுலயும் ஒரு துளி மிச்சம் இருக்காது. உயிரோட இருக்குறதுல இருக்கும். புல்லு, மரம், மனுஷ மூச்சு எல்லாத்துலயும். அப்ப 14 குறைஞ்சா குறைஞ்ச அளவுக்கு எண்ணெயோ வாயுவோ எரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்படிப் பிரிச்சுப் பாத்தா ஊரோட புகை வருஷ சராசரி 13 பிபிஎம், அது போக ஊர்ல இருக்குற செடிகொடியே குளிர்காலத்துல விட்டு வெயில் காலத்துல இழுத்து 4.3 பிபிஎம் அளவுக்கு ஏத்த இறக்கம் காட்டுது. இந்தப் பக்கத்து காடும் மலையும் மழை முடிஞ்ச வசந்தத்துலதான் அதிகமா இழுக்கும், ஊரு மட்டும் வெயில்ல இழுக்குது. ஏன்னு பாத்தா ஜனங்க எந்த மாசம் தண்ணி அதிகம் செலவழிக்கிறாங்களோ அதோட ஒத்துப்போகுது. அப்ப இந்த ஸ்ப்ரிங்க்ளர்தான்னு சந்தேகம்.

"அப்ப உன்ன நனைச்சதுக்கு ஆதாரம் இருக்குன்ற" அப்படின்னான். போன் ராத்திரி பூரா அரிசி டப்பாவுல.

ஜூன் 15, சனி: மவுண்ட் வில்சன்

காலைல வீட்டுல கெளம்பும்போது மேகம் மூடி இருட்டா இருந்துச்சு, ஜூன் மாசம் வெயில் கொளுத்தும்னு நான் காட்டன் மட்டும் எடுத்து வந்திருந்தேன். இங்க இதுக்கு ஜூன் க்ளூம்னே பேரு, கடல்லேந்து குளிர்ந்த காத்து வந்து கீழ படுத்துக்கும், மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி உக்காந்துக்கும். வளைஞ்சு வளைஞ்சு ஏறின ரோட்டுல மருமக ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. ஒரு வளைவுல திடீர்னு மேகத்தை விட்டு மேல வந்துட்டோம். பளீர்னு வெயில். கீழ பாத்தா பால் பொங்கி நிக்குற மாதிரி வெள்ளை, அது கலையக் கலைய ஓரத்துல ஒரு பழுப்புக் கோடு.

உச்சி 1,740 மீட்டர். பார்க்கிங் பாஸ் 5 டாலர். பிரபஞ்சம் விரியுதுன்னு ஹப்பிள் கண்டுபிடிக்க உதவின நூறு அங்குல டெலஸ்கோப் இங்கதான் இருக்கு, சுத்திக் காட்டின தாத்தாவுக்கு எண்பது வயசுக்கு மேல இருக்கும், சம்பளம் இல்லாம வர்றாராம். எல்லாரும் மேல பாக்குறாங்க, நீ என்னம்மா கீழயே பாத்துகிட்டு இருக்கன்னு கேட்டார். மீட்டரைக் காட்டினேன், வாங்கி ரெண்டு கையாலயும் புடிச்சு மூச்சை அடக்கிகிட்டு பாத்தார். 424. காலைல கீழ பெட்ரோல் போடும்போது 471. நடுவுல இருக்குற வித்தியாசம் அந்த மூடிக்குள்ள இருக்கு, சூடு மூடி மேல எழும்பவிடாம ஊரு விட்டதெல்லாம் ஊருக்குள்ளயே தேங்கிக் கிடக்கும், அதனாலதான் ஒரு காலத்துல இந்த ஊரு கண்ணெரிச்சலுக்குப் பேர் போனது.

கஃபேல சாண்ட்விச் வறண்டு போயிருந்துச்சு, நாங்க கொண்டுபோன புளியோதரையைப் பொதுவுல பிரிச்சோம். தாத்தாவுக்கும் ஒரு கரண்டி குடுத்தேன். காரம்னு கண்ணு கலங்கினாலும் தட்டை வழிச்சுட்டார்.

ஜூன் 16, ஞாயிறு: போக வேண்டிய ரோடு

இங்க ஃபாதர்ஸ் டே. மருமக அப்பாவுக்கு கார்டு வரைஞ்சு குடுத்தா, அதுல அப்பா கையில மீட்டர். தம்பிக்குப் பெருமையா எரிச்சலான்னு தெரியல.

பிக் சர் போறதுக்கு கடலோரமா ஹைவே 1 புடிக்கணும்னு தம்பி அடம், அதான் அழகாம். கேம்ப்ரியா தாண்டும்போதே மஞ்சள் எழுத்து போர்டு, முன்னாடி ரோடு மூடியிருக்குன்னு. அதெல்லாம் பழைய போர்டா இருக்கும்னான். பியட்ராஸ் பிளாங்காஸ்ல நிறுத்தி யானை சீல் பாத்தோம், இந்த மாசம் இளவட்ட ஆம்பளைங்க கரையேறித் தோலு உரிக்குற சீசன், கந்தல் சட்டை போட்ட குடிகாரங்க மாதிரி மணல்ல கிடந்து ஏப்பம் விட்டுகிட்டு இருந்துச்சுங்க, நாத்தம் கொடலைப் புரட்டுச்சு. அப்புறம் ஒரு மணி நேரம் மலையும் கடலும் ஒட்டிப் போற ரோட்டுல, ஒரு பக்கம் பாத்தா உயிர் போகும் இன்னொரு பக்கம் பாத்தா அழகு போகும், லூசியாவுக்குக் கொஞ்சம் முன்னாடி தடுப்பு. மலை சரிஞ்சு கிடக்கு. பிக் சர் அந்தப் பக்கம் முப்பது மைல்கூட இல்ல. அந்தப் பக்கம் போக வந்த வழியே திரும்பி, மலையைச் சுத்தி, உள்நாட்டு ரோட்டுல ஏறி, வடக்க மான்டரே போய் மறுபடி தெற்க இறங்கணும், இருநூறு மைலுக்கு மேல.

தடுப்பு பக்கத்துல நின்ன வேலையாள் சிரிக்காமத்தான் சொன்னார், இன்னைக்கு நீங்க ஒம்பதாவது கார். தம்பி ஒண்ணும் பேசாம வண்டியைத் திருப்பினான். நானும் ஒண்ணும் பேசல, அதுக்கு எவ்ளோ கஷ்டப்பட்டேன்னு எனக்குத்தான் தெரியும்.

பாசோ ரோபிள்ஸ்ல ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு மோட்டல். 129 டாலர். முன்னால இருந்த குஜராத்தி அம்மா பாப்பா சாப்பிட்டாளான்னு முதல் கேள்வி கேட்டாங்க, ரூம் சாவி அப்புறம். உள்ள போய் தட்டுல நாலு தேப்லாவும் தயிரும் எடுத்துட்டு வந்தாங்க. காசு வாங்கல.

ஜூன் 17, திங்கள்: பிக் சர்

சலினாஸ் பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் லெட்டூஸ், காத்து காரையே தள்ளுது. காஸ்ட்ரோவில்ல கூனைப்பூ வறுவல், அங்க ஆர்ட்டிசோக்னு கேக்கணும், 11 டாலர், வாழைப்பூ வடைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்துச்சு. ராக்கி க்ரீக் பாலத்துக்கிட்ட மார்ச் கடைசில ரோட்டுல ஒரு லேன் கடலுக்குள்ள விழுந்துடுச்சாம், ஒத்தை வழி, சிக்னலுக்கு காத்திருந்தோம். எஞ்சினை அணைச்சுட்டு எல்லாரும் இறங்கிக் கடலைப் பாத்தாங்க.

கேம்ப் கிடைச்சது யாரோ கேன்சல் பண்ணதால, ஒரு ராத்திரிக்கு 35 டாலர். ரெட்வுட் மரம்னா போட்டோவுல பாத்திருக்கேன், அடியில நின்னா கழுத்து வலிக்குது, வெளிச்சம் மேலயே தங்கிடுது. ஆறு சின்னதா சலசலன்னு. இந்த பிக் சர் பார்க்குலதான் 1955ல கீலிங் மனைவி லூயிஸோட வந்து கூடாரம் போட்டார். கையில அஞ்சு லிட்டர் கண்ணாடிக் குடுவைங்க, காத்தை உறிஞ்சி எடுத்து வெத்தா வெச்சது, மூடியைத் திறந்தா வெளிக்காத்து உள்ள பாயும், மூடிடணும். பகல்லயும் ராத்திரியிலயும் சில மணிக்கு ஒரு தடவை எழுந்து எழுந்து புடிச்சார். அவர் வந்த வேலை வேற, ஆத்துத் தண்ணிக்கும் காத்துக்கும் சுண்ணாம்புக்கும் கணக்கு சரியா இருக்கான்னு பாக்க. ராத்திரி காத்தைப் புடிக்கணும்னு கட்டாயமே இல்ல. எதுக்குப் புடிச்சார்னு நினைச்சா ஆச்சரியமா இருக்கு.

நாங்களும் அதே மாதிரி செய்யலாம்னு முடிவு. மருமக நோட்டுல கோடு போட்டு மணி, நம்பர்னு ரெண்டு கட்டம் போட்டா, அப்புறம் தானா மூணாவது கட்டம் போட்டு மேல "யாரு?"ன்னு எழுதினா. நான் சொல்லிக் குடுக்கல. மூச்சை அடக்கிகிட்டு, காத்து வர்ற பக்கம் பாத்து, கையை நீட்டிப் புடிக்கணும்னு மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் மூணு மணி 425. ஏழு மணி 433. எட்டு மணிக்கு தம்பி விறகு பத்த வெச்சான், 910. மருமக மூணாவது கட்டத்துல "அப்பா" எழுதினா. விறகு மரம்தானடி, அப்ப மரம்னு எழுதுன்னேன். மரத்தை எரிச்சது அப்பான்னா. நியாயம்தான். ஆனா ஐசோடோப்புக்கு அப்பா தெரியாது, மரம்தான் தெரியும், நேத்து வரைக்கும் காத்துல இருந்த கார்பன், 14 சரியா இருக்கும்.

பதினோரு மணி 454, எல்லாரும் தூங்கியாச்சு, நெருப்பு அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு. குளிர்னா குளிர், பத்து பன்னெண்டு டிகிரி, காட்டன் சுடிதாருக்கு மேல தம்பியோட ஜாக்கெட், அதுக்கு மேல போர்வை. மூணு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்தா 476. டார்ச் வெளிச்சத்துல பக்கத்து கூடாரத்து அம்மா எட்டிப்பாத்து, ரேடியேஷன் எதாவது இருக்கான்னு பயந்துபோய் கேட்டாங்க. இல்லங்க மூச்சுன்னேன். யாரோட மூச்சுன்னாங்க. மண்ணோடதுன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒரு ஃபிளாஸ்க்ல சூடா சாக்லேட் ஊத்திக் குடுத்துட்டு ஜிப்பை மூடிகிட்டாங்க.

ராத்திரி வெயில் இல்ல, மரம் இழுக்காது, மரமும் மண்ணுல இருக்குற கோடி கிருமியும் விட்டுகிட்டே இருக்கும், குளிர்ந்த காத்து நகராம தேங்கும். அதனால ஏறுது. கீலிங்குக்கும் இப்படித்தான் ஏறுச்சு, ஆனா மத்தியானம் ஆனா எல்லா எடத்துலயும் 310 பக்கத்துல வந்து நின்னுடுச்சு, மலை, காடு, கடலோரம் எங்க போனாலும் அதே நம்பர். பூமி பூரா ஒரு நம்பர் இருக்குன்னு அவருக்குத் தோணினது அப்பதான். ஹவாய் அதுக்கப்புறம், 1958.

ராத்திரி ஏறுன அந்த உபரி யாரோடதுன்னு கண்டுபிடிக்க அவர் போட்ட கணக்குதான் அழகு. காத்துல ஏற்கனவே இருக்குறது ஒரு சரக்கு, அதுல புதுசா ஒண்ணு கலக்குது, புதுசோட சாயம் தெரியாது, கலவையைத்தான் பாக்க முடியும். ஒவ்வொரு குடுவைக்கும் 13ஓட கணக்கை ஒரு அச்சுல வெச்சார், அளவைத் தலைகீழா திருப்பி, ஒண்ணு கீழ அளவுன்னு, இன்னொரு அச்சுல வெச்சார். புள்ளிங்க நேர்கோட்டுல வந்து நின்னுச்சு. அந்தக் கோட்டை நீட்டிகிட்டே போய் அச்சை வெட்டுற இடத்துல பாத்தா, அங்க பழைய காத்தே இல்ல, வந்து கலந்த சரக்கு மட்டும் தனியா நிக்குது. கலவையைத் தொடாமலே பிரிச்சுட்டார். வந்த எண் செடியோட உடம்புல இருக்குற கார்பனோட ஒத்துப்போச்சு. இன்னைக்கும் எந்த ஊர்ல ஐசோடோப் பாத்தாலும் முதல்ல போடுறது இந்தக் கோடுதான், பேரே கீலிங் ப்ளாட்.

ஜூன் 18, செவ்வாய்: தம்பி கேட்ட கேள்வி

விடிஞ்சப்ப 468, பத்து மணிக்கு 431. நீலக் குருவி ஒண்ணு, கொண்டை வெச்சது, மேஜை மேல இருந்த பிரட்டைக் கொத்தி எடுத்துட்டு நோட்டு மேல எச்சம் போட்டுட்டுப் போச்சு, அந்தப் பக்கத்துல அந்த மணி மட்டும் படிக்க முடியல.

காபி போடும்போது தம்பி கேட்டான், முதல் தடவையா ஈடுபாட்டோட. "அக்கா, பெட்ரோல் மைனஸ் 26ன்ன. செடியும் அதே மாதிரின்ன. அப்ப ராத்திரி ஏறுனது பக்கத்து ரோட்ல போன கார் இல்ல, மரம்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. இருபது வருஷத்துல ஒரு ஸ்டூடண்ட் கேக்கல இதை. உண்மைல 13ஐ மட்டும் வெச்சா தெரியாது. பெட்ரோலும் மரமும் ஒரே சாயல், பெட்ரோலே பழைய கடல் பாசிதான. அவர் தப்பிச்சது ஐசோடோப்பால மட்டும் இல்ல, கார் ஓடுற பகல்ல இறங்கி கார் ஓடாத ராத்திரி ஏறினதால, ரோடே இல்லாத காட்டுலயும் அப்படியே இருந்ததால. காட்டுல அது போதும். ஊருக்குள்ள போதாது, கார், புல்லு, அடுப்பு, எட்டு மணிக்கு விறகு எரிக்கிற ஆளு, எல்லாம் ஒரே நேரத்துல ஒரே இடத்துல. அதனாலதான் ஊர்ல ரெண்டு சாவி வேணும். முதல்ல 14ஐ வெச்சு செத்த கார்பன், உயிருள்ள கார்பன்னு பிரிச்சுக்கணும். அப்புறம் செத்ததுக்குள்ள 13ஐ வெச்சு பெட்ரோல் எவ்ளோ, வாயு எவ்ளோன்னு பிரிக்கணும், அங்க 26க்கும் 40க்கும் நல்ல இடைவெளி இருக்கு. பாசடீனாவுல 2006லேந்து இந்த மாதிரிதான் ரெண்டையும் சேத்துப் பாத்தாங்க. "அப்ப ஒரு சாவி மட்டும் இருந்தா பாதிக் கதவுதான்" அப்படின்னுட்டு காபியை எடுத்துட்டுப் போயிட்டான்.

கிளம்பி பெட்ரோல் போட்டோம், பிக் சர்ல கேலன் ஏழு டாலருக்கு மேல, லாஸ் ஏஞ்சல்ஸ்ல அஞ்சு பக்கம்தான். பம்ப்புல ஒரு ஸ்டிக்கர், பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கலாம்னு. இங்க எத்தனால்னா பெரும்பாலும் மக்காச்சோளம். அப்ப அந்தப் பத்துல வர்ற புகைல 14 உயிரோட இருக்கும், கார் புகைல ஒரு பங்கு புல்லு கணக்குல போய் உக்காந்துடும். சோளத்துக்கு இன்னொரு குணம், நெல்லு கோதுமை மாதிரி இல்ல, அது கார்பன் எடுக்குற வழியே வேற, மைனஸ் 12 பக்கம் நிக்கும். வழில தம்பி பர்கர் வாங்கினான், இங்க மாடுங்க சோளம் தின்னு வளருதுங்க. மருமக நோட்டை எடுத்து அப்பா பக்கத்துல ப்ராக்கெட் போட்டு "சோளம்" எழுதினா. எனக்கு வெறும் உருளைக்கிழங்கு, அது மைனஸ் 26.

101ல எட்டு மணி நேரம். அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல, முதுகு வலி.

ஜூன் 19, புதன்: லா ஹோயா

இன்னைக்கு ஜூன்டீன்த், கவர்மெண்ட் லீவு, அந்த லீவை நம்பித்தான் ட்ரிப்பே போட்டோம். ஸ்கிரிப்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அதே லீவுன்னு ஒருத்தருக்கும் தோணல. கேட்டு பூட்டு. கடலுக்குள்ள பாலம் மாதிரி நீட்டிக் கட்டியிருக்காங்க, இங்க அதுக்கு பீர்னு (pier) பேரு, அது மேல ஏற முடியாது, சாதாரண நாள்லயே ஜனங்களை எப்பவும் விடமாட்டாங்களாம். காவலர் ஒருத்தர், எங்கேந்து வர்றீங்கன்னு கேட்டார், காத்து பாக்கன்னு மருமக சொன்னா, சிரிச்சுட்டு பீருக்கு அடியில மணல்ல நடந்து போங்க அதுக்கு யாரும் தடை இல்லன்னார்.

தூணுங்களுக்கு நடுவுல அலை வந்து போகுது, மேல பூரா கடல்காக்கா எச்சம். 1956ல கீலிங் பாசடீனாவை விட்டு இங்க வந்தார், 2005ல இறக்குற வரைக்கும் இங்கதான். இந்த பீர் நுனில இன்னமும் காத்து புடிக்கிறாங்க, கடல் பக்கத்துலேந்து வீசும்போது மட்டும், ஊர் பக்கம் திரும்பினா மூடி வெச்சுடுவாங்க. யூனிவர்சிட்டில பசங்க ஹாஸ்டல் ஒண்ணுக்கு அவர் பேரு வெச்சிருக்காங்க, மேட்டுல இருக்கு, வெயில்ல ஏற முடியல.

ஹான்ஸ் சூஸ் இருந்ததும் இந்த இடத்துலதான். 1955ல அவர் மர வளையத்துல 14 எண்ணிப் பாத்து, புது மரத்துல இருக்க வேண்டியதை விடக் குறைச்சலா இருக்கேன்னு கண்டுபிடிச்சவர், நிலக்கரி எண்ணெய் எரிஞ்ச செத்த கார்பன் காத்துல கலந்து 14ஐ நீர்த்துப்போக வெச்சிருந்துச்சு. அப்புறம் அணுகுண்டு சோதனைங்க வந்து வட பாதி உலகத்துல 14ஐக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆக்கிடுச்சு, அறுபது வருஷமா அது இறங்கி இறங்கி இப்ப குண்டுக்கு முந்தின அளவுக்கே வந்தாச்சு.

மீட்டர் 428. ஹவாய்ல மே மாச சராசரி 427க்குக் கொஞ்சம் கீழ, நம்ம மீட்டருக்கு ஐம்பது கூட குறைய தப்பு வரலாம், இருந்தாலும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. கீலிங் கோட்டுல முதல் புள்ளி 313. மருமக மூணாவது கட்டத்துல என்ன எழுதன்னு கேட்டா, கடல்னு எழுதட்டுமான்னா. இப்போதைக்கு எழுதாத, காத்து எங்கேந்து வருதுன்னு பாருன்னேன். துப்பட்டாவைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்தோம், ஊர் பக்கத்துலேந்து வீசிகிட்டு இருந்துச்சு.

மீன் டாக்கோ ஒண்ணு 6 டாலர், தம்பிக்கு மூணு. எனக்கு பீன்ஸ் பரிட்டோ, அதுலயும் பாதிக்கு மேல சோறு.

ஓஷன்சைட் தாண்டி ஐ-5ல டிராபிக் நின்னே போச்சு, லீவு முடிஞ்சு ஊரே திரும்புது. ஜன்னல் திறந்திருக்கு, 517. மருமக நம்பரை எழுதினா, மூணாவது கட்டத்துல பென்சிலை வெச்சுகிட்டே கொஞ்ச நேரம் முன்னாடி இருக்குற லாரியைப் பாத்தா, பக்கத்து கார்ல தூங்குற குழந்தையைப் பாத்தா, மேட்டுல தண்ணி பாயுற புல்லைப் பாத்தா, அப்படியே என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா, கட்டம் காலி. புகை நாத்தம் தாங்கலன்னு தம்பி ஜன்னலை ஏத்திட்டு ஏசி பட்டனை அமுக்கினான். உள்காத்து மோட். நான் கையை நீட்டி மாத்தினேன். அவன் திரும்ப அமுக்கினான்.